நாலு எழுத்துப் பூட்டு

கெட்டிமேளம் கேட்கிறது. நாதஸ்வரம் கேட்கிறது. 'அட்சதை போடுங்க, அட்சதை போடுங்க' என்று யாரோ ஒரு பெரியவர் மைக் இல்லாமலேயே மண்டபம் அதிரக் கத்துவதும் கேட்கிறது. படம் மட்டும் இல்லை. டிவி முழுக்க ஒரே கறுப்பு.

இது நடந்தது சந்தவாசலில். வேலூரிலிருந்து போளூர் போகும் சாலையில் கண்ணமங்கலம் தாண்டினால் வருகிற ஊர். ஜவ்வாது மலையின் அடிவாரம். படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்கள் இங்கேதான் திரும்பவேண்டும். அங்கே என் சித்தி வீடு. 2008 ஆவணியில் சித்தி பெண்ணுக்குக் கல்யாணம். அந்த வீடியோவைத்தான் போட்டுவிட்டு, அத்தனை பேரும் கறுப்பு டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சாதாரண நாளாக இருந்திருந்தால் சிரித்துவிட்டு எழுந்து போயிருப்போம். அன்றைக்குச் சித்தப்பாவின் திதி. 2021-ல் போய்ச் சேர்ந்தார். போட்டோ என்றாலே காத தூரம் ஓடுகிற மனிதர். ரேஷன் கார்டுக்கு எடுத்த படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டு மாட்டியிருந்தார்கள். அவர் நடந்தது, பேசியது, கை வீசியது என்று ஏதாவது எங்கேயாவது பதிவாகியிருக்கிறது என்றால் அது இந்த மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவில்தான். ஸ்டூடியோக்காரர் கொடுத்த டிவிடிகள் பரணிலேயே இருந்து பூஞ்சை பிடித்துவிட்டன. மிச்சம் இருந்தது ஒரு பழைய 160 ஜிபி ஹார்ட் டிஸ்க். கடையைக் காலி செய்யும்போது, 'மாஸ்டர் இதுல இருக்குது, வீட்லயே வெச்சுக்குங்க' என்று அவரே கொண்டுவந்து கொடுத்தது.

இடையில் ஓரிடத்தில் அவர் குரல் வந்தது. சாப்பாட்டுப் பந்தி போலிருக்கிறது. கரண்டிச் சத்தம், வாளிச் சத்தம். நடுவே சித்தப்பா: 'என்னை எதுக்குய்யா புடிக்கிற? அந்தாண்ட போ!' அவ்வளவுதான். அடுத்த நொடி ஒரு சினிமாப் பாட்டு வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. கல்யாண வீடியோக்காரர்களுக்கு ஏன்தான் இந்தப் பாட்டு வெறியோ தெரியாது.

"அண்ணா, சத்தம் வருதே. அப்ப படமும் உள்ளதானே இருக்கும்?" என்றாள் தங்கை.

இருக்கும். உள்ளேதான் இருக்கிறது. பூட்டியிருக்கிறது. சாவி வேறொருவரிடம்.

அந்தப் பூட்டின் பெயர் கோடெக்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தப் பூட்டு எதற்கு வந்தது என்று புரிந்துவிடும். ஹெச்.டி. படம் ஒன்றில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080 புள்ளிகள். பெருக்கினால் இருபது லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். நொடிக்கு 25 படம். ஆக, ஒரு நொடிக்குச் சுமார் 155 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 560 ஜிபி. மாப்பிள்ளை அழைப்புக்கே டிஸ்க் தீர்ந்துவிடும். தாலி கட்டுவதை எதில் எடுப்பது?

எனவே, அமுக்கிச் சுருட்டி உள்ளே வைக்க ஒரு வழி. பார்க்கும்போது பிரித்து விரிக்க ஒரு வழி. சுருட்டுவது கோடர். விரிப்பது டிகோடர். இரண்டின் தலையையும் ஒட்டிச் செய்த சொல்தான் கோடெக். சுருட்டுகிற விதம் ஆளாளுக்கு மாறும். எவர் சுருட்டினாரோ அவருடைய சூத்திரம் தெரிந்தால்தான் விரிக்கமுடியும்.

எந்தச் சூத்திரம் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? கோப்பின் தலைமாட்டில் நாலே நாலு எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். பிளேயரோ எடிட்டிங் மென்பொருளோ அதைப் படித்துவிட்டு, 'இந்தப் பெயரில் இங்கே யாராவது இருக்கிறீர்களா?' என்று தனக்குள் கூப்பிட்டுப் பார்க்கும். ஆள் இருந்தால் படம். இல்லாவிட்டால் கறுப்பு. ஒலிக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. அதைச் சுருட்டாமல் அப்படியே வைத்திருந்தார்கள். கெட்டிமேளம் கேட்டதன் ரகசியம் அதுதான்.

இப்படி ஒரு ஏற்பாட்டை யார் செய்தது?

1991 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் குவிக்டைமைக் கொண்டுவந்தது. மறு வருஷம் மைக்ரோசாஃப்டின் வீடியோ ஃபார் விண்டோஸ். கம்ப்யூட்டரில் படம் ஓடுகிறது என்பதே அன்றைக்கு அதிசயம். ஓடிய படத்தின் அளவென்னவோ தபால் தலைக்குக் கொஞ்சம் பெரிது. ஆனால் இரண்டு பேரும் ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள். சுருட்டும் வேலையைத் தாங்களே முழுக்க வைத்துக்கொள்ளாமல், வெளியாட்களும் தங்கள் சூத்திரத்தைக் கொண்டுவந்து சொருகலாம் என்று வாசலைத் திறந்துவிட்டார்கள். சூப்பர்மேக் என்ற நிறுவனத்தின் சினிபேக் உள்ளே வந்தது. இன்டெல் கம்பெனி இன்டியோவோடு வந்தது. அப்புறம் வந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. மூன்றாம் மனிதர் செய்து விற்கிற கோடெக் என்னும் வியாபாரம் அந்த வாசல் வழியாகப் பிறந்ததுதான்.

நம் ஊருக்கும் அந்தக் காலத்திலேயே இது வந்துவிட்டது, சினிமா வழியாக. 1994 பொங்கலுக்கு வந்த கமல்ஹாசனின் மகாநதியை, ஆவிட் என்ற கம்ப்யூட்டர் எடிட்டிங் முறையைப் பயன்படுத்திய முதல் இந்தியப் படமாகச் சொல்வார்கள். மூவியோலாவில் ஃபிலிமை வெட்டி, ஒட்டி, கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வேலை பார்த்த எடிட்டர்கள் மவுஸுக்கு மாறத் தொடங்கிய காலம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். அப்போது கம்ப்யூட்டருக்குள் இருந்தது வெறும் நகல். டிஸ்க் விலை யானை விலை என்பதால் நன்றாகச் சுருட்டிய, கொஞ்சம் மங்கலான நகல். எடிட்டர் அதைப் பார்த்து எங்கே வெட்டவேண்டும் என்று முடிவு செய்வார். கடைசியில் கம்ப்யூட்டர் ஒரு பட்டியல் கொடுக்கும். அதை வைத்து லேபில் அசல் நெகட்டிவை வெட்டுவார்கள். கோடெக் செத்தாலும் சரி, கம்ப்யூட்டர் எரிந்தாலும் சரி, நெகட்டிவ் டப்பாவில் பத்திரம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே கண்ணுக்குத் தெரியும். அதற்கு யாருடைய சாவியும் வேண்டாம்.

இந்த நிலைமைதான் பதினைந்து வருஷத்துக்குள் தலைகீழாகிப்போனது.

அதற்கு நடுவே ஒரு திருட்டுக் கதை. சொல்லாமல் விடமுடியாது.

பிரான்ஸில் மாண்ட்பெலியே என்ற ஊர். ஜெரோம் ரோட்டா என்று ஒரு இளைஞர். இணையத்தில் புனைபெயர் கெஜ். தன் வேலைகளையெல்லாம் காட்டுவதற்கு ஒரு வீடியோ தயார் செய்து வைத்திருந்தார். மைக்ரோசாஃப்டின் சோதனைப் பதிப்புக் கோடெக் ஒன்றில் சுருட்டியது. திடீரென்று ஒரு நாள் மைக்ரோசாஃப்ட் அந்த வாசலை மூடிவிட்டது. இனி இந்தக் கோடெக்கை ஏவிஐ கோப்பில் பயன்படுத்தக் கூடாது, எங்கள் கோப்பு வகையில் மட்டும்தான் என்றது. அவர் எடுத்த வீடியோ அவருக்கே திறக்கவில்லை. சந்தவாசலில் நாங்கள் உட்கார்ந்திருந்த அதே நிலைமை!

நாங்கள் பெருமூச்சு விட்டோம். அவர் பூட்டை உடைத்தார். ஒரு ஜெர்மன்காரரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு சுமார் ஒரு வாரத்தில் மைக்ரோசாஃப்டின் கோடெக்கைப் பிரித்து மேய்ந்து, பூட்டை மட்டும் கழற்றி வெளியே விட்டார். வருஷம் 1999. வைத்த பெயர் டிவ்எக்ஸ். பெயருக்குப் பின்னால் கண்ணடிக்கிற ஒரு சிரிப்புக் குறி வேறு.

கண்ணடிப்பதற்குக் காரணம் இருந்தது. அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி என்ற கடைக்காரர்கள் டிவ்எக்ஸ் என்ற பெயரில் ஒரு தட்டு விற்றார்கள். வாங்கிப் போய்ப் போட்டால் 48 மணி நேரம் ஓடும். அப்புறம் பார்க்கவேண்டுமானால் திரும்பப் பணம் கட்டவேண்டும். பிளேயரை டெலிபோன் லைனில் மாட்டி வைத்திருக்கவேண்டும், கணக்குப் பார்ப்பதற்கு! 1998-ல் நாடு முழுக்க ஆரம்பித்தார்கள். 1999-லேயே இழுத்து மூடினார்கள். 2001-ல் அந்தக் கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டரையும் நிறுத்தியதும், காசு கொடுத்து வாங்கின தட்டெல்லாம் டீ கிளாஸுக்கு அடியில் வைக்கத்தான் ஆயிற்று. பூட்டிய கதையின் பெயரைப் பூட்டு உடைத்த கதைக்கு வைத்தது கெஜ்ஜின் குறும்பு.

ஒரு முழு சினிமாவை 700 எம்பி சிடியில் அடைக்கலாம் என்று ஆனதும் என்ன நடந்தது என்பதை பர்மா பஜார் பக்கம் ஒருமுறையாவது நடந்தவர்களுக்குச் சொல்லவேண்டாம். திருட்டு விசிடிக்குச் சித்தப்பா முறை. பிறகு கெஜ்ஜும் சில அமெரிக்கர்களும் சேர்ந்து சட்டப்படியான கம்பெனியாகி, புதிதாக எழுதிய கோடெக்கை 2001-ல் எல்லாருக்கும் திறந்துவிடுவதாகச் சொல்லி, பாதியிலேயே கதவைச் சாத்தினார்கள். கோபித்துக்கொண்ட சிலர் அதுவரை வெளிவந்ததை எடுத்துக்கொண்டுபோய்த் தனிக்குடித்தனம் வைத்தார்கள். பெயர் எக்ஸ்விட். டிவ்எக்ஸின் ஆங்கில எழுத்துகளை அப்படியே திருப்பிப் போட்டது.

இருக்கட்டும். இது வீட்டில் படம் பார்க்கிறவர்கள் கதை. தொழில் செய்கிற எடிட்டர்களுக்கு வந்த தலைவலி வேறு.

2003, 2004 வாக்கில் ஹெச்டிவி கேமராக்கள் வந்தன. முதலில் ஜேவிசி, அடுத்து சோனி. சாதாரண மினி டிவி கேஸட்டிலேயே ஹெச்.டி. படம் எடுக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு 560 ஜிபி என்று பார்த்தோம் அல்லவா? இதில் வெறும் 11 ஜிபி. மந்திரம் மாதிரி இருக்கும். கொண்டுவந்து எடிட்டிங்கில் போட்டால்தான் தெரியும் மந்திரத்தின் மறுபக்கம். கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். ஒரு இடத்தில் வெட்டுவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இது லெட்ஜர் மாதிரிதான் புரிந்தது. ஹெச்டிவியில் பன்னிரண்டு படத்துக்கு ஒரு படம்தான் முழுசாக இருக்கும். அதுதான் இருப்புத் தொகை. நடுவில் இருக்கிற பதினொன்றும் வெறும் வரவு செலவு: 'முன் படத்திலிருந்து இந்தப் புள்ளி இவ்வளவு நகர்ந்தது, அந்தப் புள்ளி அப்படியே இருக்கிறது.' இடத்தை மிச்சம் பிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் எட்டாவது படத்தில் வெட்டவேண்டும் என்றால்? இருப்புத் தொகைக்குத் திரும்பிப் போய், அங்கேயிருந்து ஒவ்வொரு வரியாகக் கூட்டிக் கழித்துக்கொண்டு வரவேண்டும். எடிட்டர் முன்னும் பின்னும் ஓட்ட ஓட்ட, பாவம் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும்.

இதற்கு மருந்தோடு வந்தவர்கள்தான் மூன்றாம் மனிதர்கள். கலிஃபோர்னியாவில் சான் டியேகோ பக்கம் சினிஃபார்ம் என்று ஒரு சின்ன நிறுவனம். அடோபி பிரீமியர் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு துணைச் செருகல் விற்றார்கள். கேமராவிலிருந்து வருகிற கோப்பை அது வேறு கோடெக்குக்கு மாற்றித் தரும். அதில் ஒவ்வொரு படமும் முழுப்படம். ஒவ்வொரு வரியிலும் இருப்புத் தொகை எழுதிய லெட்ஜர். கோப்பு பல மடங்கு பெருக்கும்தான். ஆனால் வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி வெட்டலாம். நிறமும் தெளிவும் கண்ணுக்குத் தெரிகிற அளவில் கெடாது. ஆவிட் தன் பங்குக்கு 2004-ல் டிஎன்எக்ஸ் ஹெச்டியையும், ஆப்பிள் 2007-ல் புரோரெஸ்ஸையும் கொண்டுவந்தன. அவையும் இதே மருந்துதான். ஆனால் பெரிய முதலாளிகளின் சொந்தச் சரக்கு. சினிஃபார்முக்குச் சொந்தமாக எடிட்டிங் மென்பொருள் எதுவும் கிடையாது. அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் கடை போட்டவர்கள்.

அந்தத் திண்ணைக் கடைதான் மும்பைக்கு வந்தது.

2007 கடைசியில் டேனி பாய்ல் ஸ்லம்டாக் மில்லியனர் படப்பிடிப்பை ஆரம்பித்தார். தாராவியின் சந்துகளில் பிள்ளைகள் ஓடவேண்டும். கேமராவும் கூடவே ஓடவேண்டும். பெரிய ஃபிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே நுழைந்தால் ஊரே கூடிவிடும். ஒளிப்பதிவாளர் ஆண்டனி டாட் மேன்டல் எடுத்துக்கொண்ட ஆயுதம், சிலிகான் இமேஜிங் நிறுவனத்தின் எஸ்.ஐ.-2கே என்ற கேமரா. அதன் தலையை மட்டும் தனியே கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளலாம். மிச்சமெல்லாம் முதுகுப்பையில் ஒரு லேப்டாப். தலையிலிருந்து வருகிற படத்தை அந்த லேப்டாப் அங்கேயே சுருட்டிப் பதிவு செய்யும். சுருட்டிய சூத்திரம்? சினிஃபார்ம்தான்.

2009 பிப்ரவரியில் அந்தப் படத்துக்கு எட்டு ஆஸ்கர். அன்று இரவு நமக்கு ஏ.ஆர்.ரஹ்மான் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை, படவும் வேண்டியதில்லை. ஆனால் ஒளிப்பதிவுக்கும் ஒன்று கொடுத்தார்கள். பெரும்பகுதி டிஜிட்டலில் எடுத்த ஒரு படம் ஒளிப்பதிவு ஆஸ்கர் வாங்கியது அதுதான் முதல் முறை.

மகாநதிக் காலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே அசல், டப்பாவில் இருந்த நெகட்டிவ். இங்கே எஸ்.ஐ.-2கேயில் எடுத்த காட்சிகளுக்கு நெகட்டிவ் என்று ஒன்று கிடையாது. அந்தச் சின்னக் கம்பெனியின் சூத்திரத்தில் சுருட்டிய கோப்புதான் அசல். நாளைக்கே கம்பெனி திவாலாகி, கம்ப்யூட்டர்கள் மாறி, விரிக்கிற ஆள் இல்லாமல் போனால்?

ஆஸ்கர் வாங்கிய படத்தைப் பற்றிக் கவலைப்படப் பெரிய ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. சந்தவாசல் கல்யாணத்தைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

ஸ்லம்டாக் திரைக்கு வருவதற்குச் சில மாதம் முன்புதான் எங்கள் வீட்டுக் கல்யாணம். ஸ்டூடியோக்காரர் வேலூரிலிருந்து ஹெச்டிவி கேமரா வாடகைக்கு எடுத்துவந்து, 'சார், ஹெச்.டி.ல புடிச்சுத் தரேன்' என்று பெருமையாகச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. எடிட்டிங், எடியஸில். ஜப்பானில் கோபே நகரத்து கனோபஸ் நிறுவனத்தின் மென்பொருள். தமிழ்நாட்டில் கல்யாண வீடியோ செய்கிற யாரைக் கேட்டாலும் அந்தப் பெயரைச் சொல்வார்கள். சுமாரான கம்ப்யூட்டரிலும் தயங்காமல் ஓடும். இதய வடிவத்துக்குள் மணமக்கள், ரோஜாப் பூ மழை, பறக்கிற புறா எல்லாம் காத்திருக்காமல் உடனுக்குடன் தெரியும். ராத்திரி ரிசப்ஷன் முடிந்து மறுநாள் மறுவீட்டுக்குள் டிரெய்லர் கேட்கிற ஊரில் வேறென்ன வேண்டும்?

அந்த வேகத்துக்குப் பின்னாலும் இதே வித்தைதான். கனோபஸ் ஹெச்க்யூ என்று சொந்தக் கோடெக் வைத்திருந்தார்கள். எடியஸ் இல்லாதவர்களும் வேறு எடிட்டிங்கில் போட்டு வேலை பார்க்க வசதியாக அதைத் தனியாக இலவசமாகவும் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டவர்களுக்குத் திறக்கும். மற்றவர்களுக்குக் கறுப்பு.

இந்த மாதிரிச் செருகல்கள் சேர்ந்து செய்த அட்டகாசத்தைப் பற்றிச் சாலிகிராமத்தில் எடிட்டராக இருக்கும் நண்பரிடம் கேட்டால் அரை நாள் பேசுவார். ஒரு வாடிக்கையாளரின் கோப்பைத் திறக்க ஒரு கோடெக். இன்னொருவருக்கு இன்னொன்று. அவசரத்துக்கு எவனோ மொத்தமாகக் கட்டிவைத்த 'கோடெக் பேக்' ஒன்று. விண்டோஸில் ஒவ்வொரு கோடெக்குக்கும் ஒரு தகுதி எண் உண்டு. ஒரே வேலைக்கு இரண்டு பேர் வந்தால் எண் அதிகமானவருக்கு முதல் மரியாதை. எல்லாரும் தங்களுக்கே பெரிய எண்ணைக் கொடுத்துக்கொண்டால்? கோயில் திருவிழாவில் பரிவட்டத்துக்கு நடக்கிற சண்டைதான். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய புராஜெக்ட், இன்று திறந்தவுடன் தலைகீழாகவோ பச்சை நிறமாகவோ நிற்கும். "பாதி எடிட்டர் சர்வீஸ்ல போயிடுச்சு, மீதிதான் சினிமாவுல" என்பார் நண்பர்.

ஆனால் சண்டையை விடப் பெரிய ஆபத்து சாவு. கோடெக்குகள் சாகும்.

முதலில் இன்டியோ. தொண்ணூறுகளில் கொடி கட்டிப் பறந்தது. 2000-ல் இன்டெல் அதை லிகாஸ் என்ற நிறுவனத்துக்குக் கைமாற்றியது. 2009 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட், இதன் வழியாக விஷமிகள் கம்ப்யூட்டருக்குள் நுழையலாம் என்று சொல்லி, தன் பிளேயரிலும் பிரவுசரிலும் அதைத் தடுத்துவிட்டது. பத்து வருஷம் முன்னால் அதில் சுருட்டி வைத்தவர்கள் பாடு?

அடுத்தது இன்னும் பெரிய கூத்து. 2016 ஏப்ரலில் அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு ஓர் எச்சரிக்கை விட்டது. விண்டோஸுக்கான குவிக்டைமை உடனே நீக்குங்கள். அதில் இரண்டு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. ஆப்பிள் அதை அடைக்கப்போவதில்லை. சரி என்று நீக்கிவிட்டுப் போகலாம். எடிட்டர்களால் முடியவில்லை. விண்டோஸில் புரோரெஸ் மாதிரியான சில கோடெக்குகள் அந்தக் குவிக்டைமை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தன. நீக்கினால் பிழைப்பு போச்சு. வைத்திருந்தால் திருடன் வருவான். இன்னும் அதை முழுசாக விட்டு வெளியே வரமுடியவில்லை என்று அடோபியே ஒப்புக்கொண்டது. 2018-ல்தான் பழைய குவிக்டைமின் பிடியிலிருந்து பிரீமியர் வெளியே வந்தது. வெளியே வரும்போது சில பழைய கோடெக்குகளை வாசலிலேயே விட்டுவிட்டது.

ஆப்பிள்காரர்களும் தப்பவில்லை. 2019-ல் வந்த கேடலினா பதிப்போடு பழைய 32 பிட் மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் கும்பிடு. அவற்றை நம்பியிருந்த கோடெக்குகளுக்கும் சேர்த்து. திறக்காமல் போகும், முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்ன பட்டியலில் டிவ்எக்ஸ் இருந்தது. யாரென்று பாருங்கள், சினிஃபார்மும் இருந்தது. ஆஸ்கர் வாங்கிப் பத்து வருஷம் ஆகியிருந்தது.

ஆனால் சினிஃபார்ம் சாகவில்லை. 2011-ல் கோப்ரோ நிறுவனம் அதை வாங்கியது. 2014-ல் சினிஃபார்ம் சூத்திரத்தின் அடிப்படையில் அமெரிக்க சினிமா, டிவி பொறியாளர் சங்கத்தின் தர வரையறை ஒன்று வெளியானது. 2017-ல் கோப்ரோ மூலநிரலையே திறந்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டது. இனி எந்தக் கம்பெனி இருந்தாலும் போனாலும், சூத்திரம் ஊர்ச்சொத்து. வியாபாரக் கணக்கில் நஷ்டம்தானே என்று தோன்றலாம். எனக்கென்னவோ இந்த மொத்தக் கதையிலும் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான் என்று படுகிறது.

எல்லா முதலாளியும் இப்படிக் கொடுப்பார்கள் என்று காத்திருக்கமுடியுமா? அதற்கென்றே இன்னொரு கூட்டம் உழைத்துக்கொண்டிருக்கிறது. 2000-ல் ஃபப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் எஃப்எஃப்எம்பெக் என்று ஒன்றை ஆரம்பித்தார். உலகத்தில் யார் எப்படிச் சுருட்டியிருந்தாலும் விரித்துக் காட்டவேண்டும் என்பது அதன் வேலை. சூத்திரம் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். கொடுக்காவிட்டால் கோப்பையும் மென்பொருளையும் குடைந்து குடைந்து தாங்களே கண்டுபிடிப்பார்கள். சம்பளத்துக்குச் செய்கிற வேலையாகப் பெரும்பாலும் இல்லை. செத்துப்போன கோடெக்குகளைத் தேடித் தேடி உயிர் கொடுக்கிறவர்கள் அதில் தனி ரகம்.

திரும்பச் சந்தவாசலுக்கு வருகிறேன்.

திதிக்கு மறுநாள் அந்த ஸ்டூடியோக்காரரைத் தேடிப் போனேன். இப்போது கல்யாண அலங்கார வேலை செய்கிறார். ஹார்ட் டிஸ்கைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"கேஸட் இருக்குதாங்க?" என்று கேட்டேன். அதுதானே அசல்.

"எங்க சார்? அடுத்த முகூர்த்தத்துக்கு அதுலயேதான் புடிச்சேன். ஒரு கேஸட்ட நாலஞ்சு கல்யாணத்துக்கு ஓட்டினாதான் கட்டுப்படி ஆகும்" என்றார். குற்றம் சொல்ல முடியவில்லை. அவர் கணக்கு அவருக்கு. கேஸட்டை அழித்தாலும் கோப்பு இருக்கிறதே என்றுதான் எல்லாரையும் போல அவரும் நம்பினார்.

ஊரிலேயே கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பையன் ஏற்கெனவே கை வைத்திருந்தான். இணையத்திலிருந்து ஏதோ கோடெக் பேக்கை இறக்கியதில் படம் வரவில்லை. ரம்மி விளையாடச் சொல்லும் விளம்பரங்கள் வந்தன. மேற்கொண்டு யாரும் தொடவேண்டாம் என்று டிஸ்கை வாங்கிக்கொண்டு சென்னைக்கு வந்தேன்.

சாலிகிராமத்து நண்பர் முதல் காரியமாக அதை இன்னொரு டிஸ்கில் நகல் எடுத்தார். பிறகு மீடியா இன்ஃபோ என்ற சின்ன மென்பொருளில் போட்டார். கோப்பின் தலைமாட்டில் இருந்த நாலு எழுத்து வந்தது: சி, யு, வி, சி.

"கனோபஸ்" என்றார். "எடியஸ் வெச்சிருந்தா நேரா திறக்கும்."

கனோபஸ் என்ற கம்பெனி இன்று அந்தப் பெயரில் இல்லை. 2005 கடைசியில் தாம்சன் அதை வாங்கித் தன் கிராஸ் வேலியோடு சேர்க்க முடிவெடுத்தது. அந்த கிராஸ் வேலி அப்புறம் கைமாறி, 2014-ல் பெல்டனிடம் போய், 2020-ல் பிளாக் டிராகன் கேபிடலிடம் வந்தது. நல்லவேளையாக எடியஸ் பிழைத்திருக்கிறது. ஆனால் நண்பரிடம் எடியஸ் இல்லை. அவர் ஆவிட்காரர்.

"பரவால்ல, இதப் பாப்போம்" என்று விஎல்சி பிளேயரில் கோப்பை இழுத்துப் போட்டார். அந்தப் பிளேயருக்குள் உட்கார்ந்து விரிக்கிறவர் நம் எஃப்எஃப்எம்பெக்தான். கனோபஸ் ஹெச்க்யூவை 2015 வாக்கிலேயே அவர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். கோபேயில் செய்த பூட்டு, சந்தவாசலில் போட்டது. யாரோ முகம் தெரியாத நாலு பேர் உட்கார்ந்து சாவி செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

படம் வந்தது.

ரோஜாப் பூ மழை வந்தது. புறா பறந்தது. பாதிப் பேருக்குத் தலைமுடி இருந்தது, என்னையும் சேர்த்து. ஹெச்.டி. என்று சொன்னதற்குக் குறைவில்லை, பட்டுப்புடவை ஜரிகை தனித்தனியாகத் தெரிந்தது. நூறு ஜிபிக்கு மேல் இருந்த அதை, எந்தப் போனிலும் ஓடுகிற மாதிரி மாற்றி நண்பர் எடுத்துக் கொடுத்தார். ராத்திரி முழுக்க ஓடியது. பழைய கோப்பையும் அழிக்காதே, அதுதான் அசல் என்று இரண்டு முறை சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தவாசலில் மறுபடியும் எல்லாரும் உட்கார்ந்தோம். பந்தி வந்தது. வாழை இலை வரிசைக்கு நடுவே சாம்பார் வாளியோடு சித்தப்பா குனிந்து நடந்து வருகிறார். வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறார். கேமராவைக் கண்டதும் நின்று, கரண்டியைத் தூக்கிக் காட்டி, "என்னை எதுக்குய்யா புடிக்கிற? அந்தாண்ட போ!"

குரலை மட்டும் கேட்டபோது கோபமாகப் பேசுகிறார் என்றுதான் நினைத்திருந்தோம். சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.